நிழல் இருக்கிறது, மரத்தைக் காணோம்

உழுது போட்ட வயல். காலை வெயில் பட்டிருக்கிறது, ஆனால் மண்மேல் உறைபனி இன்னும் உருகவில்லை. சால்கள் சாய்வாக மேட்டை நோக்கி ஓடுகின்றன. பக்கத்தில் ஒரு பாதை. முதுகில் சுள்ளிக் கட்டோடு, கோலை ஊன்றிக்கொண்டு ஓர் ஆள் நடந்து போகிறார். அவரைவிட முதலில் கண்ணில் படுவது வயலின் குறுக்கே கிடக்கும் நீண்ட நிழல்கள்தான். வரிசையாக நிற்கும் மரங்களின் நிழல் என்று தெரிகிறது. ஆனால் அந்த மரங்களைப் படத்துக்குள் தேடினால் கிடைக்காது. அவை சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன.

கமீல் பிசாரோ 1873-இல் வரைந்த 'உறைபனி' என்ற ஓவியம் இது. பாரிஸுக்கு வடமேற்கே உள்ள பொந்த்வாஸ் என்ற ஊரின் பழைய சாலையோரக் காட்சி. இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மரியாதையாகத் தொங்குகிறது. 1874 ஏப்ரலில், பின்னாளில் இம்ப்ரஷனிஸ்ட்டுகள் என்று பெயர் பெற்ற ஓவியர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தியபோது இதற்குக் கிடைத்த மரியாதை வேறு. லூயி லெரோய் என்ற பத்திரிகையாளர் கேலிச் சித்திரம் போல ஓர் உரையாடலை எழுதினார். அதில் வரும் மூத்த ஓவியர் இந்தப் படத்தின் முன்னால் நின்று, இதுவா உழவுச்சால், இதுவா உறைபனி, அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டி அப்பியிருக்கிறார்கள், இதற்குத் தலையும் இல்லை வாலும் இல்லை என்று புலம்புகிறார்.

லெரோய் சிரிக்க வைப்பதற்காக எழுதியவர், விட்டுவிடலாம். காஸ்தான்யாரி அப்படியில்லை. இந்தக் குழு புதிதாக ஏதோ செய்கிறது என்று புரிந்துகொண்டு ஆதரித்த விமர்சகர். அவருக்கே பிசாரோவிடம் இரண்டு குறைகள் தென்பட்டன. ஒன்று, சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலை வயலில் போட்டுவிட்டு, மரத்தை நாமே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். இரண்டு, காய்கறித் தோட்டங்கள்மேல் இவருக்கு வருந்தத்தக்க ஒரு மோகம். முட்டைக்கோஸை வரையக்கூடக் கூசுவதில்லை.

படத்தில் இல்லாத மரத்தின் நிழல், படத்தில் இருக்கத் தகுதியில்லாத முட்டைக்கோஸ். இம்ப்ரஷனிஸ்ட்டுகளின் கிராமக் காட்சிகளைப் பற்றிப் பின்னால் வந்த எத்தனையோ புகழுரைகளைவிட, இந்த இரண்டு குறைகளும்தான் விஷயத்தைச் சரியாகத் தொட்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நிழல். அதற்கு முந்தைய நிலக்காட்சி ஓவியங்களில் படச்சட்டம் ஒரு நாடக மேடை மாதிரி. இடது ஓரத்தில் ஒரு மரம், வலது ஓரத்தில் ஒரு பாறை, நடுவே தூரத்தில் ஓர் ஆறு என்று எல்லாம் மேடைக்குள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எதனுடையது என்பதற்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கும். பிசாரோ அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டார். அவருடைய வயல் சட்டத்தைத் தாண்டியும் நீள்கிறது. நாம் பார்ப்பது அதில் ஒரு துண்டு. மரம் எது என்று அந்த நிழல் சொல்வதில்லை. மணி என்ன என்று சொல்கிறது. சூரியன் இன்னும் தாழ்வாக இருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் நிழல் குறுகிவிடும், நிழல் விட்ட இடத்தில் பனி உருகிவிடும், சுள்ளி சுமப்பவரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நல்லது. வட பிரான்ஸ் கிட்டத்தட்ட 49 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகலிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 18 டிகிரிதான் ஏறும். அதாவது உச்சி வேளையிலும் ஒரு மனிதனின் நிழல் அவன் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளும். அதே நாளில் சென்னையில் நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும், நிழல் ஆளைவிடக் குட்டை. நம் ஊர் வெயிலில் பழகிய கண்ணுக்கு இந்தப் படங்களின் நீளமான நிழல்கள் சாயங்காலம் போலத் தோன்றும். அவர்களுக்கு அது குளிர்காலத்தின் முழுப் பகல். சாய்ந்த கதிர்கள் மண்ணைத் தடவிக்கொண்டு போவதால் ஒவ்வொரு மண்கட்டிக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஓர் இருட்டுப் பக்கமும் கிடைக்கின்றன. பிசாரோவின் தடித்த, சொரசொரப்பான தூரிகைத் தீற்றல்கள் அந்த மண்ணையே ஒத்திருப்பது தற்செயல் இல்லை.

அப்புறம் நிழலின் நிறம். நிழல் என்றால் கருப்பு, இல்லாவிட்டால் பழுப்பு என்பது பள்ளிப் பாடம். வெயிலில் வெளியே போய் உற்றுப் பார்த்தால் கதை வேறு. வெயில் படுகிற இடத்தில் சூரியனின் மஞ்சள் கலந்த ஒளி விழுகிறது. நிழலான இடத்தில் சூரியன் மறைந்துவிட்டது, வானம் மறையவில்லையே! நீல வானத்தின் ஒளி அங்கே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் நிழல் நீலம் சாயும். செம்மண்ணிலும் புல்லிலும் இது அவ்வளவாகத் தெரியாது, மண்ணின் நிறம் அமுக்கிவிடும். வெள்ளைத் தரையில் தப்பவே முடியாது. இம்ப்ரஷனிஸ்ட்டுகள் பனியையும் உறைபனியையும் தேடித் தேடிப் போய் வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குளோத் மொனேயின் 'மேக்பை' (1868-69) என்ற படத்தில் பனி மூடிய வேலியின் நிழல் பளிச்சென்று நீலமாக விழுந்திருக்கும், வேலிப்படல்மேல் ஒற்றைப் பறவை உட்கார்ந்திருக்கும். 1869-இல் அரசாங்கக் கண்காட்சியான சலோன் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது.

கண் செய்யும் வேலையும் இதில் இருக்கிறது. பாரிஸின் கோப்லென் கம்பள ஆலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கருப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது. சாயத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்று 1839-இல் வெளியான நூலில் எழுதினார். மஞ்சள் வயலின் பக்கத்தில் நிழல் இன்னும் ஊதாவாகத் தெரிவதும், பச்சைப் புல்லில் சிவப்புப் பாவாடை எரிவதும் இதனால்தான். ஓவியர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிந்தனை அன்று பரவலாகப் புழங்கியது.

வண்ணக் குழாய் வந்ததால்தான் இம்ப்ரஷனிசம் வந்தது என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் வண்ணக் குழம்பைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்தார்கள். குழாய் வசதிதான், ரயிலும் வசதிதான். செயற்கை நீலமும் புதுப் பச்சையும் மலிவாகக் கிடைத்ததும் உண்மை. ஆனால் வெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது அதற்கு முன்பே நடந்த விஷயம். அப்படி வரைந்ததை ஒத்திகை என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஓவியக் கூடத்தில் 'உண்மையான' படத்தைத் தீட்டுவார்கள். ஒத்திகையையே அரங்கேற்றமாக வைத்தது இவர்களின் துணிச்சல்.

இனி முட்டைக்கோஸ்.

காஸ்தான்யாரியின் காலத்தில் விவசாயி ஓவியத்துக்குப் புதியவர் இல்லை. மியே என்ற பிரெஞ்சு ஓவியர் 1857-இலேயே கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்துவிட்டார். ஆனால் மியேயின் உழவர்கள் ஏறக்குறையப் புனிதர்கள். அந்திவானத்தின் முன்னால் சிலைபோல் நிற்பார்கள், குனிந்தாலும் ஒரு கனம் இருக்கும். விமர்சகர்கள் பிசாரோவை மியேயோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு எரிச்சலாக இருந்தது. மியே பைபிள் வாசனை உள்ளவர், யூதனான எனக்கு அந்த வாசனை இல்லையே என்று கடிதத்தில் கிண்டலாக எழுதினார். அவர் வரைந்த பெண்கள் முள்ளங்கியும் கோஸும் பறிக்கிறார்கள், தள்ளுவண்டி தள்ளுகிறார்கள், வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அழவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை.

பொந்த்வாஸ் பாரிஸுக்குக் காய்கறி அனுப்பிய ஊர். அந்த ஊர்ப் பெயராலேயே ஒரு கோஸ் ரகம் உண்டு: சுருக்கம் விழுந்த இலை, குளிர் தாங்கும் பயிர். பிசாரோ அங்கே கோஸை வரைந்தது, கும்பகோணத்துக்காரர் வெற்றிலைக் கொடிக்காலை வரைவது போலத்தான். தவிர, அவர் வீட்டிலும் அதே தோட்டம்தான். அவர் மனைவி ஜூலி வெல்லே பர்கண்டிப் பகுதியின் திராட்சை விவசாயி வீட்டுப் பெண். பிசாரோவின் அம்மாவிடம் சமையல் வேலைக்கு வந்தவர். படம் விற்காத வருஷங்களில் காய்கறி போட்டும், கோழியும் முயலும் வளர்த்தும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் அவர். எந்தக் கோஸ் படத்தையும் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய அடி. 1870-இல் பிரஷ்யப் படை வந்தபோது பிசாரோ குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடினார். லூவெசியேன் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டில் படைவீரர்கள் தங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால், இருபது வருஷ உழைப்பில் சேர்ந்த ஏறத்தாழ 1,500 படங்களில் மிஞ்சியது நாற்பது சொச்சம். சேற்றில் கால் நனையாமல் நடக்கத் தோட்டத்தில் கேன்வாஸ்களை விரித்திருந்தார்களாம். 'உறைபனி' அதற்குச் சில வருஷங்கள் கழித்து வந்தது.

இந்தக் கிராமங்கள் ஒதுக்குப்புறமான பழங்காலக் கிராமங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பொந்த்வாஸுக்கு எதிர்க்கரையில் புகை கக்கிய ஆலையைப் பிசாரோ அதே 1873-இல் வரைந்திருக்கிறார். அதே குழுவைச் சேர்ந்த பெர்த் மொரிஸோ 1875-இல் வரைந்த கோதுமை வயலில் ஒரு பையன் நிற்பான், பின்னால் தொடுவானத்தில் புகைபோக்கிகள் தெரியும். ஆல்ஃப்ரெட் சிஸ்லேயின் 1874-ஆம் வருஷ மூடுபனிப் படத்தில் தோட்டத்தில் குனிந்திருக்கும் பெண் பனிக்குள் கரைந்தே போகிறாள், பூச்செடிதான் முன்னால் நிற்கிறது.

மொனே வரைந்த கோதுமைப்போர்ப் படங்களுக்கு வருவோம். தமிழில் இந்தப் படங்களை 'வைக்கோற்போர்' என்றே எழுதி வருகிறோம், ஆங்கிலத்தில் ஹேஸ்டாக் என்று பேர் விழுந்துவிட்டதால். ஆனால் அவை வைக்கோல் இல்லை, புல்லும் இல்லை. அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டுகள். கதிர் உள்பக்கமும் தாள் வெளிப்பக்கமுமாக வட்டமாக அடுக்கி, மழை இறங்காமல் மேலே வைக்கோலால் கூரை வேய்ந்துவிடுவார்கள். உயரம் 15 முதல் 20 அடி. அந்த நாளில் கதிரடிக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. ஊர் ஊராக வரும், முறை வைத்துத்தான் அடிக்க முடியும். ஜூலை, ஆகஸ்டில் அறுத்த கோதுமை மார்ச் வரைகூடக் காத்திருக்கும். நம் பேச்சில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: போர். வைக்கோற்போரும் போர்தான், நெற்போரும் போர்தான், அதை அடிப்பது போரடிப்பது. பிரெஞ்சுச் சொல்லும் இப்படி இரண்டுக்கும் பொதுவானது. குழப்பம் ஆங்கிலத்தின் வழியாக வந்தது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? வைக்கோல் என்றால் மாட்டுக்குத் தீனி. கதிர்ப்போர் என்றால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ வருமானம் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நிற்கிறது என்று அர்த்தம். மொனே 1883-இல் ஜிவெர்னி என்ற ஊரில் குடியேறியவர். போர்கள் நின்றது அவர் வீட்டுப் பக்கத்து வயலில். 1890 கோடை முடிவில் தொடங்கி மறு வருஷம் வரை சுமார் 25 படங்கள். இலையுதிர்காலத் தூவல் வெளிச்சம், உறைபனி, பனி மூடிய காலை, பனி உருகும் சாயங்காலம் என்று வந்துகொண்டே இருந்தன. போர் அடிக்கப்படாமல் காத்திருந்ததால்தான் அத்தனை பருவங்களும் அதன்மேல் வந்து உட்கார முடிந்தது.

அவர் வேலை செய்த முறை இதுதான்: பல கேன்வாஸ்களை வயலுக்கு எடுத்துப் போவார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட ஆலிஸின் மகள் பிளான்ஷ் சுமக்க உதவுவாள். வெளிச்சம் மாறினால் கையிலுள்ளதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். 1890 அக்டோபரில் நண்பர் குஸ்தாவ் ஜெஃப்ராவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பருவத்தில் சூரியன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது, பின்தொடர முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். தான் தேடுவது அந்தக் கணத்தை, எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும் ஒளியை என்றும் சொல்கிறார். ஆனால் கண நேரத்தில் வரைந்த படங்கள் என்று ஏமாந்துவிட வேண்டாம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வண்ணம் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். வயலில் தொடங்கியதை வீட்டில் வாரக்கணக்கில் சரிசெய்தார், ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து ஒத்துப் பார்த்தார். கணத்தைப் பிடிக்க மாதங்கள் ஆயின.

சாயங்காலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் போருக்குப் பின்னால் இருக்கிறது. நம் பக்கம் இருப்பது நிழல் முகம், அதில் அரக்கும் ஊதாவும் நீலமும் கலந்து கிடக்கின்றன. விளிம்பில் மட்டும் ஆரஞ்சுக் கோடு, அடுப்பின் வாயில் தெரியும் தணல் மாதிரி. போரின் நிழல் நம்மை நோக்கி நீண்டு வருகிறது. பின்னால் பண்ணை வீடுகளின் கூரைகள். மனிதர் யாரும் இல்லை.

இதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. அறுத்தவர், கட்டியவர், அடுக்கியவர், கூரை வேய்ந்தவர் யாருமே படங்களில் வருவதில்லை. இயந்திரம் வந்து தூசி பறக்க அடித்த நாளும் இல்லை. மொனேவுக்குத் தேவைப்பட்டது வேலை நின்றுபோயிருக்கும் இடைவெளி. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து குவிந்து பிரெஞ்சு விவசாயி விலை கிடைக்காமல் திண்டாடிய காலம் அது. 1892-இல் அரசு இறக்குமதி வரியை ஏற்றும் அளவுக்கு நெருக்கடி. அந்த நேரத்தில் பாரிஸ் வரவேற்பறையில் மாட்ட ஒரு கொழுத்த, அமைதியான, அசையாத கோதுமைப் போர். விற்றதில் ஆச்சரியமில்லை. 1891 மே மாதம் துரான்-ருயேல் காட்சிக்கூடத்தில் பதினைந்து போர்களைச் சேர்த்து மாட்டினார்கள். சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. அவற்றைப் போன்ற ஒன்று 2019-இல் நியூயார்க் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் போனது. மாஸ்கோவில் 1896-இல் ஒரு போரைப் பார்த்த, பின்னாளில் அரூப ஓவியராகப் பெயர் பெற்ற காண்டின்ஸ்கிக்கு அது என்ன பொருள் என்றே முதலில் பிடிபடவில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். கோதுமை மறைந்து நிறம் மட்டும் நின்ற தருணம் என்று கலை வரலாற்றில் அதைக் கொண்டாடுவார்கள். விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

விவசாயிகளின் கணக்கு மொனேவுக்குத் தெரியாமல் இல்லை. 1891-இல் எப்த் ஆற்றங்கரையில் பாப்லர் மரங்களை வரைந்துகொண்டிருந்தபோது, லிமேட்ஸ் என்ற ஊர் அவற்றை ஏலம் விட்டது. மரம் முதிர்ந்துவிட்டது, வெட்டிக் காசாக்க வேண்டும், அவ்வளவுதான். மொனே ஒரு மர வியாபாரியோடு பேசி, ஏலத்தில் கூடுதலாகும் பணத்தைத் தான் தருவதாகவும், படம் முடியும்வரை வெட்டக் கூடாது என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தக் காட்சிகளில் ஒன்றில், குறிப்பிட்ட ஓர் இலையில் வெயில் தங்குவது ஏழே நிமிடம் என்று அவர் ஓர் அமெரிக்க ஓவியரிடம் சொல்லியிருக்கிறார்.

அதே எப்த் ஆற்றில் மேலே போனால் எரான்யி என்ற ஊர். பிசாரோ 1884-இல் அங்கே வந்துவிட்டார். ஜோர்ஜ் சூரா என்ற ஓவியரின், வண்ணத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைக்கும் முறையில் சில வருஷம் பிடிவாதமாக உழைத்தார். ஆப்பிள் பறிக்கும் படமொன்றில் (1886) ஒரு பெண் நீண்ட கழியால் கிளையைத் தட்டுகிறாள். மரத்தடி நிழல் முழுவதும் இளஞ்சிவப்பும் நீலமும் ஊதாவுமான ஆயிரக்கணக்கான புள்ளிகள். அழகுதான், ஆனால் ஒரு நிழலை முடிக்க வாரங்கள் ஆயின, அதற்குள் நிஜ நிழல் எங்கேயோ போயிருக்கும். 1890 வாக்கில் கைவிட்டார். மொனேவின் போர்களுக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று 1891 வசந்தத்தில் மகன் லூசியனுக்கு எழுதியபோது கொஞ்சம் கசப்பு இருந்தது. நேரில் பார்த்த பிறகு அவை நிறைவை மூச்சாக விடுகின்றன என்று மனம் விட்டுப் பாராட்டினார்.

மறு வருஷம் எரான்யியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு விற்பனைக்கு வந்தது. பிசாரோ லண்டனில் இருந்தார். ஜூலி ஜிவெர்னிக்குப் போய் மொனேவிடம் நேராகவே கேட்டுவிட்டார். 15,000 ஃபிராங்க் கடன் கிடைத்தது. வீடு சொந்தமானது, தானியக் கொட்டகை ஓவியக் கூடமானது. கண்ணில் தீராத சீழ் வைத்து, காற்றும் தூசியும் ஆகாது என்று ஆனபின், பிசாரோ சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எதிரே தெரிந்த புல்வெளியையும் ஆற்றுக்கு அப்பால் பஸான்கூர் தேவாலயத்தின் கூம்பையும் பருவத்துக்குப் பருவம் வரைந்துகொண்டிருந்தார். சன்னலுக்குக் கீழே ஜூலியின் காய்கறித் தோட்டம் இருந்தது.